திரும்பி வந்த படம், புரண்டு வந்த எழுத்து: எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கும் வழி

படமோ அச்சோ "திரும்பி" வந்துவிட்டால், கை முதலில் தேடுவது மென்பொருளில் உள்ள புரட்டும் பொத்தானைத்தான். அதை அழுத்துவதற்கு முன் மூன்றில் எது நடந்திருக்கிறது என்று பாருங்கள். இடம் வலமாகியிருக்கிறதா? மேல் கீழாகியிருக்கிறதா? வெளிச்சம் இருட்டாகியிருக்கிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இரண்டு கோளாறு ஆகிவிடும்.

சோதனைக்கு ஒரு எழுத்து போதும், ஆனால் எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். "ப" கண்ணாடியில் பார்த்தாலும் ஏறக்குறைய "ப" தான். "ஃ" இடம்வலம் மாறினால் தெரியாது, தலைகீழானால் மட்டும் தெரியும். "க" அல்லது எண் 4 எப்படிப் புரண்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். எந்த வேலையாக இருந்தாலும் ஓரத்தில் சிறிதாக ஒரு "க" போட்டு, முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம்.

இன்னொன்று: தாளைச் சுழற்றினால் சரியாகிவிடுகிறது என்றால் அது தலைகீழ். எப்படிச் சுழற்றினாலும் எழுத்து ஒத்துவராமல், தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறது என்றால் அது இடம்வலம்.

## எழுத்து இடம்வலம் மாறி அச்சாகிறது

இதில் பெரும்பாலான நேரம் காரணம் ஒன்றுதான்: இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்திருப்பார்கள். வடிவமைத்தவர் கோப்பைப் புரட்டி அனுப்பியிருப்பார், அச்சிட்டவரும் வழக்கம்போலப் புரட்டியிருப்பார். அல்லது இருவருமே மற்றவர் செய்வார் என்று விட்டிருப்பார்கள். ஆகவே முதல் சோதனை, கோப்பைத் திறந்து திரையில் படிப்பது. கோப்பு எப்போதும் நேராகப் படிக்கும்படியே இருக்கட்டும். புரட்டுவது கடைசி இயந்திரத்தின் வேலை, அங்கே மட்டும்.

### இஸ்திரிப் பெட்டியால் துணியில் ஒட்டும் தாள்

தாளின் உறையைப் படியுங்கள். வெளிர்நிறத் துணிக்கான தாள் முகம் குப்புற ஒட்டப்படும், அதற்கு மிரர் அச்சு, அதாவது இடம்வலம் புரட்டிய அச்சு, வேண்டும். அடர்நிறத் துணிக்கான தாளை உரித்து, முகம் மேலே தெரியும்படி வைப்பார்கள். அதைப் புரட்டக் கூடாது. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி உறையில் கிடப்பதால் வரும் வினை இது.

உறை சரியாக இருந்தும் எழுத்து மாறுகிறதா? பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைப் பாருங்கள். சில பிரிண்டர்களில் டி-ஷர்ட் தாள் என்று தேர்ந்தெடுத்தாலே அது தானாகப் புரட்டிவிடும். கோப்பிலும் புரட்டியிருந்தால் பழையபடி நேராகி, துணியில் மாறி விழும். சாதாரணத் தாளில் ஒன்று அச்சிட்டுப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும். துணியில் ஒட்டிய பிறகு மீட்பு கிடையாது.

### வெட்டும் வினைல்

வினைல் என்பது இயந்திரத்தால் எழுத்து வெட்டும் பிளாஸ்டிக் தாள். சூடு வைத்து ஒட்டும் வினைலைப் பளபளப்பான தாங்கு தாள் கீழே இருக்கும்படி வைத்து, புரட்டி வெட்ட வேண்டும். ஸ்டிக்கர் வினைலைப் புரட்ட வேண்டாம். ஒரே விதிவிலக்கு: கண்ணாடிக் கதவின் உட்புறம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கரையும் புரட்ட வேண்டும். வெட்டியாகிவிட்டது, மாறிவிட்டது என்றால் தூக்கிப் போடாதீர்கள். அதே கண்ணாடியின் மறுபக்கத்தில் ஒட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

### ரப்பர் ஸ்டாம்ப், லினோ, மரக்கட்டை

ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர் தானே புரட்டிக்கொள்வார். நீங்கள் நேராகக் கொடுங்கள். வந்த ஸ்டாம்பின் ரப்பரை நேராகப் படிக்க முடிந்தால், அச்சு மாறித்தான் விழும், மை தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

லினோவில் (செதுக்கி அச்செடுக்கும் மென்பலகையில்) படத்தை மாற்றும்போது டிரேசிங் தாளின் பென்சில் பக்கம் கட்டையைத் தொட வேண்டும். பின்பக்கத்தைத் தேய்த்தால் படம் தானாகப் புரண்டு இறங்கும். நேரே கார்பன் வைத்து வரைந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முழுக்கச் செதுக்கிய பிறகு தெரிந்தால்? ஒரு வழி உண்டு. தாளில் அச்சு எடுத்த கையோடு, மை ஈரமாக இருக்கும்போதே, அதன் மேல் இன்னொரு வெற்றுத் தாளை வைத்து அழுத்துங்கள். இரண்டாவது தாளில் நேரான அச்சு கிடைக்கும், கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். பத்துப் பிரதி வேண்டுமென்றால் ஒப்பேற்றலாம். நூறு வேண்டுமென்றால் புதுக் கட்டைதான்.

### ஸ்கிரீன் பிரிண்டிங்

மை ஊற்றும் முன் சட்டத்தைக் கையில் எடுத்து, ஸ்குவீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்கும் உட்பக்கத்திலிருந்து படியுங்கள். அங்கிருந்து நேராகப் படித்தால் அச்சும் நேர். மாறியிருந்தால் ஒளி காட்டும்போது ஃபிலிம் கவிழ்ந்திருக்கிறது என்று பொருள். ஒளிமேசைக் கண்ணாடியின் மேல் ஃபிலிமை வைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும், மை பூசிய பக்கமும் மேலே இருந்து ஸ்கிரீனைத் தொட வேண்டும். மைப்பக்கம் கீழே போய்விட்டால் ஃபிலிமின் தடிமன் அளவுக்கு ஒளி ஊடே கசிந்து கோடுகளின் ஓரம் மழுங்கும். எழுத்து நேராக இருந்தும் கூர்மை இல்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரிசெய்ய எமல்ஷனை (வலையில் பூசிய ஒளியுணர் பூச்சை) கழுவி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். நாள்பட்ட எமல்ஷன் வலையில் இறுகி, கழுவும் மருந்துக்கும் அசையவில்லை என்றால் வலை மாற்றுபவரிடம் கொடுத்துவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் வலை கிழியும்.

## புகைப்படம் இடம்வலம் மாறியிருக்கிறது

### முன்பக்க கேமரா

திரையில் பார்த்தது கண்ணாடிப் பிம்பம், சேமித்தது நேரான படம். நிறையப் பேர் சேமித்த படத்தைத்தான் தவறு என்கிறார்கள். பின்னால் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பலகையை எது சரியாகக் காட்டுகிறதோ அதுவே நேர். கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்க வேண்டுமானால் கேமரா அமைப்பில் அதற்கொரு தேர்வு பெரும்பாலான போன்களில் இருக்கிறது. காணொளி அழைப்பில் கையிலிருக்கும் தாள் உங்களுக்கு மாறித் தெரிந்தாலும் எதிர்முனையில் நேராகத்தான் தெரியும். தாளைத் திருப்பி எழுதிக் காட்ட வேண்டாம்.

### ஸ்கேன் செய்த ஃபிலிம்

ஃபிலிமின் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது ஓரத்து எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க வேண்டும். மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு. ஸ்கேனில் ஓர எண்கள் மாறியிருந்தால் ஃபிலிம் கவிழ்ந்திருக்கிறது. மறுபடி ஸ்கேன் செய்யத் தேவையில்லை, கோப்பை இடம்வலம் புரட்டினால் போதும். ஓரம் வெட்டப்பட்டு எண்ணே தெரியாத துண்டென்றால் படத்துக்குள் தேடுங்கள். ஆண்கள் சட்டையில் பொத்தான் அணிபவரின் வலப்பக்கம், மேல்பை இடப்பக்கம். கடிகார முகம், வண்டி எண்பலகை எல்லாம் உதவும். தலைவகிடை நம்ப வேண்டாம்.

எண்களும் மாறி, படம் முழுக்கச் செக்கச் சிவந்து வந்தால் கேள்வி வேறு. ஃபிலிம் கேமராவுக்குள்ளேயே பின்பக்கமாக ஓடியிருக்கிறது. ஒளி அடித்தளம் வழியாக நுழைந்து சிவப்பு அடுக்கை முதலில் தொட்டிருக்கும். உருளையிலிருந்து உருளைக்குக் கையால் சுற்றிய ஃபிலிமில் இது நடக்கும், சிலர் வேண்டுமென்றே செய்வார்கள். உருளையாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமிலும் நடக்கும். இருட்டில் ஏற்றும்போது எமல்ஷன் உங்களைப் பார்த்திருந்தால், நெட்டுவாக்கில் பிடித்த தாளின் வெட்டுக்குறி மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்படும். சிவப்பை ஸ்கேனில் ஓரளவு குறைக்கலாம், முழுக்க எடுக்க முடியாது.

### மிகப் பழைய படம்

உலோகத் தகட்டில் எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களான டாகுரோடைப்பும் டின்டைப்பும் கேமராவில் விழுந்த பிம்பத்தையே நேரடியாகப் பதிவாக்கியவை. இயல்பாகவே இடம்வலம் மாறியிருக்கும். அமெரிக்கச் சட்டவிரோதி பில்லி தி கிட்டை உலகம் நெடுங்காலம் இடதுகைக்காரன் என்று நம்பியது அவனுடைய டின்டைப் படத்தால்தான். கையிலிருக்கும் 1873 வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா நுழைக்கும் துளை வலப்பக்கம் மட்டுமே உண்டு, படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது. அசல் தகட்டை விட்டுவிடுங்கள், பிரதியில் புரட்டிக்கொள்ளுங்கள், புரட்டியதைக் குறிப்பாக எழுதி வையுங்கள். டாகுரோடைப்பின் முகத்தை எதனாலும் துடைக்கக் கூடாது, பஞ்சாலும் கூடாது. அழுக்கு இருந்தால் பழம்படங்களைப் பேணும் காப்பாளரிடம்தான் போக வேண்டும்.

## படம் தலைகீழாக, அல்லது படுத்தபடி வருகிறது

போனில் நேர், கணினியிலோ அச்சிலோ படுத்திருக்கிறது: படம் உண்மையில் சுழலவே இல்லை. "சுழற்றிக் காட்டு" என்று எக்ஸிஃப் குறிப்பில் (படக்கோப்போடு கேமரா சேர்த்து வைக்கும் தகவலில்) ஒரு எண் மட்டும் இருக்கிறது. 1 என்றால் நேர், 3 என்றால் தலைகீழ், 6-ம் 8-ம் பக்கவாட்டு. இதைப் படிக்காத மென்பொருள் படத்தைக் கிடந்தபடி காட்டும். ஏதாவது ஒரு படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, சுழற்றி, புதிதாகச் சேமித்து அனுப்புங்கள். மேசைமேல் உள்ள பொருளை நேர் மேலிருந்து எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். போன் கிடைமட்டமாக இருக்கும்போது எது மேல் என்று அதற்குத் தெரியாது. எடுக்கும் முன் ஒருமுறை நிமிர்த்திவிட்டுச் சாய்த்தால் பிழைத்தோம்.

இருபக்க அச்சில் பின்பக்கம் மட்டும் தலைகீழ்: நீளப் பக்கமாகத் திருப்புவதா, குட்டைப் பக்கமாகத் திருப்புவதா என்ற தேர்வு மாறியிருக்கிறது. நெட்டுவாக்குப் புத்தகத்துக்கு நீளப் பக்கம், கிடைவாக்குக்குக் குட்டைப் பக்கம்.

ஸ்லைடு திரையில் புரண்டு தெரிகிறது: ஒரு ஸ்லைடை, அதாவது புரொஜெக்டரில் காட்டும் சட்டமிட்ட ஃபிலிம் துண்டை, எட்டு விதமாகச் செருகலாம், ஒன்றே சரி. கையில் நேராகப் பார்த்து, சட்டத்தின் கீழ் இடது மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். பின் தலைகீழாகச் சுழற்றினால் புள்ளி மேலே வலது மூலைக்கு வரும். புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றபடி, புள்ளி அங்கே இருக்குமாறு செருகுங்கள்.

பெரிய கேமராவின் தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் தெரிவது கோளாறு இல்லை. மேலிருந்து குனிந்து பார்க்கும் பழைய இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராவில் நிமிர்ந்தபடி இடம்வலம் மட்டும் மாறித் தெரிவதும் அப்படியே. பழகத்தான் வேண்டும்.

## வெளிச்சமும் இருட்டும் மாறிவிட்டன

### நெகடிவை நேரெதிராக்கினேன், படம் நீலமாக இருக்கிறது

கலர் நெகடிவில் ஒரு செம்மஞ்சள் திரை இருக்கும். வெறுமனே நேரெதிராக்கினால் அது நீலப்பச்சையாகப் படம் முழுக்கப் படரும். முதலில் ஸ்கேனர் அமைப்பு கலர் நெகடிவ் என்று இருக்கிறதா பாருங்கள். கேமராவால் படியெடுத்திருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியே கரும்புள்ளியும் வெண்புள்ளியும் அமைக்க வேண்டும். படம் விழாத ஃபிலிம் ஓரத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் கரும்புள்ளி எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

### ஸ்லைடு ஃபிலிம் நெகடிவாக வந்தது

இ-6 முறையில் (ஸ்லைடு ஃபிலிமுக்கானது) கழுவ வேண்டியதைச் சி-41 முறையில் (கலர் நெகடிவுக்கானது) கழுவிவிட்டார்கள். செம்மஞ்சள் திரை இல்லாத நெகடிவ் என்றால் இதுதான். திருப்பிச் செய்ய வழியில்லை. ஸ்கேன் செய்து நேரெதிராக்கினால் படம் கிடைக்கும், நிறம் தாறுமாறாகவும் மாறுபாடு கடுமையாகவும் இருக்கும்.

### ஸ்லைடு முழுக்கக் கருப்பு, அல்லது முழுக்கத் தெளிவு

நெகடிவ் போட்டுப் பழகியவர்கள் இங்கே தலைகீழாக யோசிக்க வேண்டும். ஸ்லைடில் கருப்பு என்றால் ஒளி படவில்லை, தெளிவு என்றால் அளவுக்கு மீறிப் பட்டது.

சட்டங்களை, அதாவது ஃபிலிமில் ஒவ்வொரு படமும் விழும் கட்டங்களை, பார்க்கும் முன் ஓர எண்களைப் பாருங்கள். எண்கள் பிரகாசமாக இருந்து சட்டங்கள் மட்டும் கருப்பென்றால் கழுவியவர் மேல் பழியில்லை. ஃபிலிம் சுற்றவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களும் சேர்ந்து மங்கியிருந்தால் முதல் டெவலப்பர் (பிம்பத்தை வெளிக்கொணரும் முதல் கரைசல்) செத்துவிட்டது, அல்லது குளிர்ந்துவிட்டது. அது 38 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும், வெளியே வெப்பமானி வைத்து ஊகிக்காமல் கரைசலுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். எல்லாமே தெளிவாகி எண்கள் கூட இல்லையென்றால் கழுவும் முன்பே ஃபிலிம் முழுதும் வெளிச்சம் கண்டிருக்கிறது, அல்லது கலர் டெவலப்பர் வேலை செய்யவில்லை. புதுக் கரைசலில் ஒரு சிறு துண்டைக் கழுவிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும்.

பரணில் கிடைத்த பழைய கோடாக்குரோம் (கோடக் நிறுவனத்தின் கலர் ஸ்லைடு ஃபிலிம்) உருளை என்றால் எதையும் முயல வேண்டாம். அதற்கான கலர் முறையை நடத்திய கடைசிக் கூடமும் 2010 முடிவோடு உருளைகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. இப்போது கருப்பு வெள்ளையாக மட்டும் எடுக்க முடியும், அதுவும் பழக்கப்பட்ட கூடத்தில்.

### கருப்பு வெள்ளை ரிவர்சலில் வெண்மை அழுக்காக இருக்கிறது

ரிவர்சல் என்றால் ஃபிலிமிலேயே நேரான படம் வரும்படி கழுவுவது. முதலில் முதல் டெவலப்பரின் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். சரியாகவில்லையா, பிளீச்சை (நெகடிவ் பிம்பத்தைக் கரைத்து எடுக்கும் கரைசலை) பாருங்கள். பிளீச் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை, எப்படியும் அடுத்து ஒளி காட்டத்தான் போகிறீர்கள். கருப்பு நெகடிவ் பிம்பம் மறைந்து ஃபிலிம் பாலாடை நிறத்தில் இருக்க வேண்டும். சாம்பல் நிழல் நின்றால் பிளீச் பலவீனம். பெர்மாங்கனேட் பிளீச்சில் பழுப்புக் கறை நின்றால் அடுத்துவரும் மெட்டாபைசல்பைட் தொட்டியில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். பெர்மாங்கனேட் ஜெலட்டினை மென்மையாக்கும், ஈர எமல்ஷனை விரலால் தொட்டால் உரிந்து வரும்.

பிளீச்சில் கந்தக அமிலம் இருக்கிறது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. டைகுரோமேட் வகை பிளீச் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, அதைச் சாக்கடையிலும் கொட்டக் கூடாது. அந்த இடத்தில் வீட்டு முயற்சியை நிறுத்திவிட்டுக் கூடத்துக்குக் கொடுப்பதே என் கட்சி.

### பாதி மட்டும் மாறியிருக்கிறது

இருட்டறை அச்சில் வானம் கருத்து, உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் டெவலப்பரில் இருக்கும்போது வெளிச்சம் பட்டிருக்கிறது. புகைப்படக் கலைஞர்கள் மேன் ரேயும் லீ மில்லரும் இதையே கலையாக்கினார்கள். வேண்டாதபோது வந்தால் பாதுகாப்பு விளக்கைச் சோதியுங்கள். என்லார்ஜரில் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவியில்) மெல்லிய சாம்பல் வருமளவுக்கு ஒளி காட்டிய தாளில் ஒரு நாணயத்தை வைத்து, அந்த விளக்கின் கீழ் சில நிமிடம் விட்டுப் பின் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானது இல்லை. தெரியாவிட்டால் கதவிடுக்கைத் தேடுங்கள்.

டிஜிட்டல் படத்தில் சூரியனின் நடுவே கரும்புள்ளியா? உணரி தாங்க முடியாத ஒளி. எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

### சயனோடைப், லேசர், மாஸ்க்

சயனோடைப் என்னும் நீல அச்சு முறையில் ஒளி பட்ட இடம் நீலமாகும், ஆகவே நெகடிவ்தான் வைக்க வேண்டும். மைப்பக்கம் தாளைத் தொட வேண்டும், அதற்காக நெகடிவை மிரராக அச்சிட வேண்டும். லேசரில் மரத்தைச் சுட்டால் கருக்கும். கருங்கல் பலகையும் கண்ணாடியும் சுட்ட இடத்தில் வெளுக்கும், அங்கே படத்தை நேரெதிராக்கிவிட்டுப் பொறியுங்கள். அக்ரிலிக்கின் பின்பக்கம் பொறித்து முன்னிருந்து பார்ப்பதானால் இடம்வலமும் புரட்ட வேண்டும். படத்தின் பகுதிகளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் மென்பொருள் மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும். வேண்டியது மறைந்து வேண்டாதது தெரிந்தால் மாஸ்க்கை மட்டும் நேரெதிராக்குங்கள், படத்தை அல்ல.

## கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அடைபடுகிறது

தமிழில் இது கடுமையாகத் தாக்கும். மை தாளில் சற்றுப் பரவும், வெள்ளைக் கோடு அந்த அளவுக்கு ஒடுங்கும். முதலில் பலியாவது புள்ளி. "பக்கம்" என்று அமைத்தது "பககம" என்று வரும். அடுத்து ண-வின் சுழிகள் அடைந்து, ன-வா ண-வா என்று ஊகித்துப் படிக்க வேண்டியதாகும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எதுவும் தெரியாது, உண்மை அளவில் அச்சிட்டுக் கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள்.

முதலில் எழுத்தின் கனத்தை ஒரு படி கூட்டுங்கள். போதவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள், எழுத்திடைவெளியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு பின்னணியைப் பாருங்கள். நான்கு மையும் சேர்ந்த கருப்பென்றால் ஏதாவது ஒன்று முடியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். சிறிய எழுத்துக்குப் பின்னால் ஒற்றைக் கருப்பு மை போதும். தாளை மாற்றுவது கடைசி, செலவும் அதுதான்.

திரையில் இருந்த வெள்ளை எழுத்து அச்சில் அடியோடு காணவில்லையா? அந்த எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் குறி (அடியிலுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடு என்பது) விழுந்திருக்கிறது. வெள்ளை மை என்று ஒன்று அங்கே இல்லாததால் கருப்பின் மேல் எதுவும் அச்சாகவில்லை. பிடிஎஃப்பில் ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்தால் அப்போதே மறைந்துவிடும். குறியை எடுத்துவிட்டுக் கோப்பை மறுபடி அனுப்புங்கள். அச்சுத் தகடு போட்ட பிறகென்றால் அச்சகத்தாரிடம் உடனே சொல்லுங்கள், ஓட்டம் தொடங்கும் முன் நிறுத்துவதுதான் மலிவு.

வெள்ளை நிறத்தில் க்யூஆர் கோடு போட்டுப் படிக்கவில்லை என்றாலும் இதே குடும்பம். பல செயலிகள் வெளிர்ப் பின்னணியில் அடர் கட்டங்களை மட்டுமே எதிர்பார்க்கின்றன. ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் கருப்புக் கோடு, சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம். அழகு குறையும், ஆனால் படிக்கும்.

## லென்ஸைச் சுத்தம் செய்த பிறகு நடு மட்டும் கூர்மை

பழைய லென்ஸைப் பிரித்துப் பூட்டிய பிறகு ஓரங்கள் குழைந்து தெரிந்தால் ஒரு கண்ணாடி பின்முன்னாகப் போயிருக்கிறது. முன்கண்ணாடி ஒன்றை மட்டும் கழற்றியிருந்தால், வளைவு அதிகமுள்ள பக்கம் எது என்று பிரிக்கும்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, திருப்பிப் பூட்டிப் பாருங்கள். அப்படியொரு படம் எடுக்கவில்லை, அல்லது இரண்டு மூன்று கண்ணாடிகள் கையில் வந்துவிட்டன என்றால் மேற்கொண்டு திருகாமல், எல்லாத் துண்டுகளையும் தனித்தனித் தாளில் சுற்றி லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இடையில் வரும் மெல்லிய வளையங்களையும் விடாமல் சேர்த்துக் கொடுங்கள், அவை இல்லாமல் இடைவெளி பொருந்தாது.